டிரம்முச் சட்டையும் அண்ணன் காலும்

அன்றைக்கு அங்கன்வாடிக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். பஞ்சாயத்துத் தலைவரம்மா. கிராம சுகாதார நர்சம்மா. அங்கன்வாடி டீச்சர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி. வார்டு மெம்பரான நான். ஆறாவதாக, பிள்ளைகள் உட்காரும் பச்சை நாற்காலி ஒன்றில் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பெரியப்பா மகன்.

முதல் ஐந்து பேரும் கிராம சுகாதாரக் குழு உறுப்பினர்கள். அண்ணன் உறுப்பினர் இல்லை. கட்டு மாற்றிவிடுகிறேன் என்று நர்சம்மா வரச் சொல்லியிருந்தார். மாற்றி முடித்த பிறகும் சட்டென்று எழுந்து போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெளியே இருங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வருசத்துக்கு ஒரு தடவை எங்கள் குழுவுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரும். நோய் வராமல் தடுக்கிற வேலைக்கும் செலவழிக்கலாம், நோயில் கிடக்கிறவர்களின் அவசரத்துக்கும் செலவழிக்கலாம். குழு கூடி முடிவு செய்துகொள்ள வேண்டியது. அந்த வருசம் அந்தப் பணத்துக்கு இரண்டு வழி வந்து நின்றது. ஒன்று, ஊரிலுள்ள தண்ணீர் டிரம்களுக்கும் சிமெண்டுத் தொட்டிகளுக்கும் கொசு நுழையாதபடி துணியில் மூடி தைத்துக் கொடுப்பது. இன்னொன்று, அண்ணனை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக் கோவில்பட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவது. தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் ரெண்டுமே பத்தாயிரத்தை ஒட்டி வந்து நின்றன. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது, ஏறினேன், அவ்வளவுதான் என் படிப்பு. படிப்பைவிடப் பெரிய குறை என் பயம். கேஸை அணைத்தோமா என்று மெயின் ரோடு வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். மகள் போனை எடுக்காவிட்டால் பத்து நிமிசத்துக்குள் அவளை மூன்று விதமாகச் சாகடித்து அழுது முடித்திருப்பேன். மேகம் கறுத்தால் பயம், கறுக்காவிட்டால் அதைவிடப் பயம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, வேறு ஆள் கிடைக்கவில்லை என்று என்னை நிறுத்தினார்கள். ஜெயித்ததும் ஊரில் வெடி போட்டார்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

டிரம்மை மூடுவதற்கு இவ்வளவு பேச்சா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். சில சமயம் பத்து நாளாகும். வருகிற அன்றைக்கு வீட்டிலுள்ள அத்தனை பாத்திரமும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்கு முந்தைய வருசம் ஐப்பசியில் தெருத் தெருவாகக் காய்ச்சல் விழுந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் அணுக்கள் குறைகிறது என்று காலையில் ஒரு எண்ணும் மாலையில் அதைவிடச் சின்ன எண்ணும் சொன்னார்கள். பிழைத்து வந்தாள். வந்த பிறகு நர்சம்மா எங்கள் வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஊசிமுனை அளவில் புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. என் பிள்ளையைக் கடித்தது என் வீட்டு டிரம்மில் பிறந்ததுதான்.

வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று அன்றே நர்சம்மா ஊருக்கெல்லாம் சொன்னார். பாலைக் கொட்டச் சொல்லியிருந்தால்கூடக் கொட்டியிருப்பார்கள். தண்ணீரையா? வியாழக்கிழமை நர்சம்மா பார்க்க வருவார் என்று தெரிந்ததும் புதன்கிழமையே தண்ணீர் ஒளிந்துகொள்ளும். அரிசி டப்பாவுக்குள் தண்ணீர், பீரோவுக்குப் பின்னால் தண்ணீர். ஒருத்தி மூன்று குடத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து மஞ்சள் பூசி, "இது நேந்துவச்ச தண்ணி நர்சம்மா, தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடத்திலும் புழு இருந்தது. கொட்டச் சொன்னால் எங்கள் ஊரில் நடக்காது, மூடத்தான் வேண்டும் என்பது அதிலிருந்துதான் எங்களுக்குப் புரிந்தது.

அண்ணன் கதை வேறு. ஆடு மேய்க்கிறவர். பருத்தி பிடுங்கிய காட்டில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தபோது, ஒடிந்து மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த பருத்திமார்க் கட்டை, காய்ந்த செடியின் அடித்தண்டு, செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஆட்டுக்கு அடிபட்டது என்று தேடியிருக்கிறார். பல வருசமாகச் சர்க்கரை. காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. புண் புரையோடிக் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வீட்டுக்கு அனுப்பி, ஒன்றுவிட்டு ஒரு நாள் வரவேண்டும், செத்த சதையை டாக்டரே எடுத்துக் கட்ட வேண்டும், நர்சம்மாவால் ஆகாது, ரெண்டு மாசம் விடாமல் வந்தால் கால் பிழைக்கும் என்றார்கள். மினி பஸ் வருகிற நேரம் கட்டுக் கட்டுகிற நேரத்துக்கு ஒத்து வராது. மெயின் ரோட்டுக்கு நடந்தால் புண் திறந்துகொள்ளும். ஆட்டோ ஒன்றுதான் வழி. போய், காத்திருந்து, திரும்பி வர முந்நூற்றைம்பது ரூபாய். ஆடு கையில் இருக்கிறது, காசு கையில் இல்லை. அவசரத்துக்கு ஆட்டை விற்றால் வியாபாரி பாதி விலைக்குக் கேட்பான். ஏற்கனவே ரெண்டு உருப்படியை அப்படித்தான் விற்றிருந்தார்கள்.

தலைவரம்மா முதலில் சொன்ன யோசனை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

"இதுல என்ன இருக்கு? ஆளுக்குப் பாதி. அஞ்சு டிரம்முக்கு, அஞ்சு காலுக்கு. யாருக்கும் மனக்கொறை வேண்டாம்."

எனக்கும் நிம்மதி வந்தது. ஆனால் பயந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிம்மதி வந்தால் அதைச் சுரண்டிப் பார்ப்பார்கள்.

"பாதி மூடின்னா எந்த வீட்டுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"கெழக்குத் தெருவுக்கு இந்த வருசம். மேலத் தெருவுக்கு அடுத்த வருசம்."

தண்ணி அண்ணாச்சி சிரித்துவிட்டார். "அப்பம் கொசுகிட்டயும் சொல்லிருங்க தலைவரம்மா. இந்த வருசம் மேலத் தெருவுல பொறந்துக்கோ, கெழக்குத் தெருவுக்கு வந்து கடிக்கப்பிடாதுன்னு."

"சரி, காலுக்காவது பாதி நாளைக்கு ஆகும்லா?"

நர்சம்மா அண்ணனைப் பார்க்காமல் பதில் சொன்னார். "பாதியில விட்டா முதல்ல இருந்துதான் தலைவரம்மா. சில நேரம் முதல்ல இருந்ததவிட மோசமாவும் போயிரும்."

பாதி பாதி என்பது அத்தோடு செத்தது. ரெண்டுக்கும் கொடுத்த மாதிரி இருக்கும், ரெண்டும் நடக்காது. டீச்சர் தரையில் சிதறிக் கிடந்த பிள்ளைகளின் எழுத்து அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

அண்ணன்தான் பேசினார். "எனக்காவ யாரும் மல்லுக்கட்டாதீங்க. ஆடு மேய்க்கப் போனவனுக்கு முள்ளு குத்துததுதான்."

"முள்ளு குத்துனாக் கத்தணும்வே," என்றார் தண்ணி அண்ணாச்சி. "நீரு கத்தலையே. அதுல்லா வெனை."

கை தூக்கச் சொன்னார் தலைவரம்மா. அவர் ஆட்டோவுக்குக் கை தூக்கினார். இளகிய மனசு அவருக்கு. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளை விட்டுவிட்டுப் பாத்திரத்துக்குப் பணம் கொடுக்க அவரால் முடியாது. தண்ணி அண்ணாச்சியும் ஆட்டோவுக்கே தூக்கினார். டீச்சர் மூடிக்கு. நர்சம்மாவும் மூடிக்கு, தூக்கிய கையைச் சீக்கிரம் இறக்கிக்கொண்டார். சற்று முன்னால் அதே கையால்தான் அண்ணனுக்குக் கட்டுப் போட்டிருந்தார்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூடிக்குச் சொன்னால், தங்கச்சியே அண்ணன் காலை வெட்டிவிட்டாள் என்பார்கள். காலுக்குச் சொன்னால், கவர்மெண்டுக் காசைச் சொந்த அண்ணனுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்பார்கள். ரெண்டு பழியையும் எடைபோட்டுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே எடைதான். அதனால் பழியை விட்டுவிட்டேன். அங்கன்வாடிச் சுவரில் பிள்ளைகளின் கைகளைச் சாயத்தில் தோய்த்துப் பதித்திருந்தார் டீச்சர். சிவப்பும் நீலமுமாக இருபதுக்கு மேல் சின்னக் கைகள். காய்ச்சல் வந்தால் அது ஒரு கையோடு நிற்காது. கால் ஒன்றுதான், ஆனால் அந்தக் கால் என் அண்ணனுடையது.

மூடிக்குக் கை தூக்கினேன்.

"அந்த நாக்காலிய இங்கிட்டுத் தள்ளு தாயி, எந்திரிக்கணும்," என்றார் அண்ணன். தள்ளினேன். கம்பை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கோபத்தை மதினி பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் ரேஷன் கடை வரிசையில், பத்துப் பேர் கேட்க:

"மெம்பரம்மா, டிரம்முக்குச் சட்டை தைக்கியளாம்லா? அரைக் கைச் சட்டையா, முழுக் கைச் சட்டையா? தச்சது போவ ஒரு முழம் துணி மிச்சம் விழுந்தாச் சொல்லுங்க. எம்புருசன் காலுக்குச் சுத்திக்கிடுதேன்."

வரிசை சிரித்தது. டிரம்முச் சட்டை என்ற பேர் அன்றைக்கு விழுந்ததுதான். இன்றைக்கும் அதுதான் பேர்.

நான் மெதுவாகக் கேட்டேன், "மதினி, கெடை போட்ட காசு கொஞ்சம் வருமே…"

"எந்தக் காசு? வெளைஞ்சு வித்த பொறவுல்லா தருவாக. தை மாசம் வந்து வாங்கிக்கோம்பாக. அதுவரைக்கும் நான் அழுகாம இருக்கேன், நீ காசு வாங்கிட்டு வான்னு காலு சொல்லுமா?"

கிடை என்றால், அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி ஆடுகளை வளைத்துப் படுக்கவைப்பது. விடிவதற்குள் விழுகிற புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரச் சம்சாரி, அதாவது விவசாயி, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஆட்டுக்காரருக்குக் கூலி தருவார். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம், மதினி சொன்ன மாதிரி, விளைந்து விற்ற பிறகுதான் கூலி. ஆட்டுக்காரர்களும் கேட்டதில்லை, சம்சாரிகளும் கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலம் தெற்கே மேகம் கறுத்தது. மழை விழுந்தால் துணி மூடி நனைந்து தொங்குமே என்று முதல் பயம். அண்ணன் வீட்டு ஓட்டில் ஒழுகினால் புண் என்னாகும் என்று அடுத்த பயம். அப்புறம் கிடை. கரிசல் நனைந்துவிட்டால் கிடை போட முடியாது. ஆட்டுக் குளம்பு சகதியில் புதைந்து அழுகிப்போகும். மழைக்கு முன்னால் கிடை விழாத காடு, அந்த வருசத்துக்கு உரமில்லாத காடுதான்.

அங்கேதான் நின்றேன். இந்தப் பயம் எனக்கு மட்டுமா? ஊரிலுள்ள சம்சாரிகள் அத்தனை பேரும் இந்த நேரத்தில் மேகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எல்லாருக்கும் மழைக்கு முன்னால் கிடை வேண்டும். ஆனால் ஆடு ஒன்றுதான், ராத்திரி கொஞ்சம்தான். என் காடு முதலில் என்று கேட்பதற்கு ஒருவர் காசு கொடுக்க மாட்டாரா?

அதை முதலில் ஆட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும். அண்ணனோடு சேர்ந்து மூன்று குடும்பம். எல்லாரும் எங்களுக்குச் சொந்தம். கிடை வளைக்கிற நேரத்தில் காட்டுக்குப் போனேன். துணைக்கு நர்சம்மாவைக் கூப்பிட்டேன். தனியாகப் போகப் பயம். அவர் சும்மா வரவில்லை; பஞ்சும் டார்ச்சும் கொண்டுவந்தார். "வந்தது வந்தாச்சு, எல்லார் காலையும் பாத்துருவோம். செருப்பக் கழத்துங்க," என்றார்.

ஆட்டுக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சை முறுக்கி உள்ளங்காலில் தடவினார் நர்சம்மா.

"கூசுதா?"

"ஐயோ நர்சம்மா, விடுங்க தாயி, சிரிச்சே செத்துருவேன்."

"அவன் பொண்டாட்டி தொட்டாக்கூட இப்படிச் சிரிக்க மாட்டான்," என்றார் பக்கத்தில் இருந்தவர், மதினியின் அண்ணன். அவர் கால் முறை வந்தது. நர்சம்மா தடவினார். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். இன்னொரு தடவை தடவினார். சுண்டுவிரல் பக்கம், குதிகால் பக்கம்.

"எப்பம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் அவர்.

சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நீளமாகச் சொல்லவேண்டி வரவில்லை. அண்ணன் ஆட்டையும் தங்கள் ஆட்டோடு சேர்த்து ஒரே கிடையாகப் போடுவது, பெரிய கிடைக்கு ராத்திரிக்கு எழுநூறு ரூபாய், அந்தக் காசை யாரும் தொடாமல் ஆட்டோவுக்குக் கொடுப்பது, அண்ணன் எழுந்து நடக்கிறவரைக்கும் இப்படி என்று சொன்னேன். "ஒரு ராத்திரிக்கு ரெண்டு தடவ ஆட்டோ" என்று விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். மதினியின் அண்ணன் மட்டும் கேட்டார்: "நாங்க விட்டுக்குடுப்போம். சம்சாரிமாரு முன்காசு தருவாகளா? எங்க மூஞ்சிய நேராப் பாத்துக்கூடக் கூலி தந்ததில்ல."

மறுநாள் காலை டீக்கடை. சம்சாரிகள் எல்லாம் பேப்பரும் கையுமாக இருக்கிற நேரம். மனசுக்குள் ஒப்பித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "இந்த வருசம் காசு குடுக்கவுகளுக்குத்தான் மொதக் கெடை" என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

ஊரில் பெரிய காடு வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரி, பேப்பரை மடக்கினார். "ஏமம்மா மெம்பரு, இதென்ன புதுச் சட்டம்? கெடைக்கூலி மகசூலுக்கு அப்புறம்லா?"

"கால் மகசூல் வரைக்கும் காத்துக் கெடக்காது அண்ணாச்சி."

"ஒங்க அண்ணன் காலுக்கா? அதுக்குத்தான் கவர்மெண்டுக் காசு வந்துச்சே. அதத் தூக்கி டிரம்முக்குச் சட்டை தைக்கக் குடுத்துட்டு, காலுக்கு எங்ககிட்ட வாரியா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் ரெண்டு நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். அதனால் பதில் தானாக வந்தது.

"ஆமா அண்ணாச்சி. அடுத்த வீட்டு டிரம்ம மூடுததுக்கு ஒங்க பையிலேர்ந்து காசு எடுப்பீங்களா? மாட்டீங்க. நானும் எடுக்க மாட்டேன். அதுக்குப் பொதுக் காச விட்டா வேற காசு இல்ல. காலுக்குப் பின்னால ஆடு நிக்கி. ஆடு நின்னா ஒங்க காட்டுக்கு ஒரம். ஒங்களுக்கு வேணுங்குறத வச்சுத்தான் கேக்கேன், தருமம் கேக்கல."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். அப்புறம் அண்ணாந்து தெற்கே பார்த்தார். கடையிலிருந்த எல்லாரும் அவரோடு சேர்ந்து பார்த்தார்கள்.

"மொத மூணு ராத்திரி எங்காட்டுல," என்றார்.

"அதெப்படி?" பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். நாலு குறுக்கம், அதாவது நாலு ஏக்கர்போல, நிலம் வைத்திருக்கிற சின்னச் சம்சாரி. "பெரிய காடுன்னா மொதலா? நான் ஒரு ராத்திரிக் காச இப்பமே எண்ணி வைக்கேன். அண்ணாச்சி சொல்லுதாரு, நான் வைக்கேன். யாரு மொத?"

"ஏலே, நான் என்ன ஓடியா போயிருவேன்? வீட்டுக்கு ஆள் விட்டுக் காசு எடுத்தாரச் சொல்லுதேன்!"

அப்புறம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மெம்பரம்மா, அப்படியே எங்கடைப் பாக்கிக்கும் ஒரு மேகத்தக் காட்டிட்டுப் போங்க" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில், தீப்பெட்டிக் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நடந்த மாதிரி வேகமாக நடந்தேன்.

மறுநாளே ஆட்டோ ஓட ஆரம்பித்தது. ஊர்க்காரத் தம்பிதான் ஓட்டினான். பின் சீட்டில் அண்ணன் காலை நீட்டிக்கொள்ளத் தலையணை ஒன்றும் போட்டான். முதல் நாள் மதினி என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. தலையை மட்டும் நீட்டி, "எங்க வீட்டுல ரெண்டு டிரம்மு இருக்கு. ரெண்டுக்கும் சட்டை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது போதும்.

மூடிகளை மகளிர் குழுப் பெண்கள் தைத்தார்கள். கெட்டி வேட்டித் துணி, ஓரத்தில் நாடா கோத்துச் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டுவது. ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த நாலாம் நாள் தெருவில் போனால் ஒரு வீட்டு மொட்டைமாடியில் டிரம்முச் சட்டையை விரித்து மோர் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்.

"ஏட்டி, டிரம்முச் சட்டைய எதுக்கு எடுத்த?"

"தண்ணிதான் தீந்துபோச்சே சித்தி. வெறும் டிரம்முக்கு என்னத்துக்குச் சட்டை? கூச்சப்படுமா?"

இன்னொரு வீட்டில் அதில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டுக்குட்டி அதைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. தண்ணி அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். தண்ணீர் திறக்கிற அன்றைக்குத் தெருவில் முதலில் ஒரு சுற்று வருவார். சட்டை கட்டாத டிரம்மைப் பார்த்தால் அந்தத் தெருவுக்குக் கடைசியில் திறப்பார். யாரையும் திட்டவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஐப்பசியில் எங்கள் ஊரில் காய்ச்சலே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் தெருத் தெருவாக விழவில்லை. ஒரு பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கவில்லை. நர்சம்மா டார்ச்சோடு வந்தால் இப்போது பெண்களே நாடாவை அவிழ்த்து, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று திமிராகக் காட்டுகிறார்கள். பக்கத்துப் பஞ்சாயத்திலிருந்து ரெண்டு பேர் வந்து டிரம்முச் சட்டையை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். நாடாவை எப்படிக் கோக்க வேண்டும் என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

அண்ணனுக்குச் சுண்டுவிரல் போனது. கால் தப்பியது. கடைசியாகக் கட்டு அவிழ்த்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மெத்தை வைத்த செருப்பு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவை மெயின் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, ஊருக்குள் நடந்து வந்தார். மெதுவாகத்தான் வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒரு ஆட்டுக்காரருக்கு அப்படி எழுந்து நின்றதில்லை. கூச்சத்தில் அவர் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்ததும், "ஏ தாயி, செருப்பு கனமாருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மதினியின் அண்ணன் இப்போது தினமும் மாத்திரை போடுகிறார். கிடை வளைத்ததும் மூன்று குடும்பத்து ஆண்களும் செருப்பைக் கழற்றி, ஒருவர் உள்ளங்காலை ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

படிக்காதவள், பயந்தாங்கொள்ளி, இவள் என்ன மெம்பர் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நானே சொல்லியிருக்கிறேன். இப்போதும் கேஸை ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் அந்த வருசப் பத்தாயிரத்தைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் என் குரல் நடுங்குவதில்லை.

சம்சாரிகள் எல்லாரும் சொன்னபடி காசு கொடுத்தார்கள், ஒரே ஒரு வீட்டைத் தவிர. மழைக்கு முந்தின கடைசி ராத்திரிக் கிடை, எங்கள் ரெண்டு குறுக்கம் காட்டில்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு, "நம்ம வீட்டுக் காசு எங்க போயிரும், நாளைக்குக் குடுத்தாப் போச்சு" என்றார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் ஊரையெல்லாம் முன்காசு எண்ணி வைக்கச் செய்தவள், இந்த ஒரு மனுசரிடம் தோற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. ஆட்டோக்காரத் தம்பி எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறான். மதினி ரேஷன் கடையில் வைத்து, "மெம்பரம்மா வீட்டுல மட்டும் இன்னும் பழைய சட்டந்தான், மகசூலுக்கு அப்புறம்" என்கிறார். நேற்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் காலுக்கு ஓடிய ஆட்டோவுக்கு எங்கள் வீட்டிலிருந்து இன்னும் கொடுக்க வேண்டியது எழுநூறு ரூபாய்.